மதுரை ஜங்ஷனின் நாலாவது கை

ரொம்ப நாளாச்சு மக்கா எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரம் ஊருக்குப் போனேன். ராத்திரி சென்னை சென்ட்ரல்ல ஏறிப் படுத்தவன் காலைல போடியில இறங்கினேன். நடுவுல எங்கயும் வண்டி மாறல. இதுல என்னய்யா அதிசயம்னு கேக்குறீங்களா? அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன் :-)

எனக்கு ஊர் ராசிங்காபுரம். போடியிலிருந்து தேவாரம் போற ரோட்டுல, சிலமலையைத் தாண்டினா வரும். மேற்கே பார்த்தா மலை, மலைக்கு மேல ஏலக்காய்த் தோட்டம். எங்க தாத்தாவுக்கு மதுரைன்னா மீனாட்சி கோயில் இல்ல, "சங்சன்"தான். "சங்சன் வரைக்கும் போயிட்டு வாரேன்"னு சொன்னார்னா மதுரைக்குப் போறார்னு அர்த்தம்.

அந்த ஜங்ஷன் கதையை முதல்ல பார்ப்போம். திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். அடுத்த வருஷமே, 1876-ல், பாதை தூத்துக்குடி வரைக்கும் போயிடுச்சு. அதுக்கு முப்பது வருஷம் முன்னாடிதான் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடிச்சு அகழியை மூடினார். அந்த இடத்துல வந்ததுதான் வெளி வீதிகள். மேல வெளி வீதிக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன் வந்தது, எதிர்ல ராணி மங்கம்மாள் சத்திரம். நடந்து வந்த யாத்ரீகர்களுக்குக் கட்டின சத்திரத்துக்கு ரயில்ல வந்து இறங்குறவங்களும் வர ஆரம்பிச்சாங்க. 1890-களில் ஸ்டேஷன் பக்கத்துலயே ஹார்வி மில் வந்தது. ஊரே மேற்கே நகர்ந்துச்சுன்னு சொல்லலாம்.

வடக்கே திண்டுக்கல், தெற்கே விருதுநகர், கிழக்கே மானாமதுரை வழியா ராமேஸ்வரம். 1914-ல் பாம்பன் பாலமும் வந்தாச்சு. இப்படி மூணு திசையிலயும் கை நீட்டின ஜங்ஷனுக்கு மேற்குல மட்டும் ஒண்ணும் இல்ல.

மேற்குல சரக்கு இல்லாமலா? நிறைய இருந்தது. 1895-ல் முடிஞ்ச பெரியாறு அணைக்கு வேண்டிய தளவாடங்கள் எல்லாம் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன்ல (இப்போ கொடைக்கானல் ரோடு) இறங்கி, அங்கிருந்து சுமார் 80 மைல் மாட்டு வண்டியில வந்திருக்கு. மூணாறு தேயிலை கதை இன்னும் சுவாரசியம். வெள்ளைக்காரத் தோட்டக்காரங்க மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் மலை மேலயே ஒரு குட்டி ரயில் ஓட்டினாங்க. அங்கிருந்து தேயிலைப் பெட்டி ரோப்வேயில தொங்கிக்கிட்டே குரங்கணி பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் வண்டி கட்டி போடி. 1924 வெள்ளம், அதான் மலையாளத்துல 'தொண்ணூத்தொம்பதாம் ஆண்டு வெள்ளம்'னு சொல்வாங்களே, அது அந்தக் குட்டி ரயிலை அடிச்சுட்டுப் போயிடுச்சு.

கீழே போடிக்கு ரயில் வந்தது 1928-ல். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி வழியா சுமார் 90 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை. ஏலக்காய்க்கும் தேயிலைக்கும் போட்டதுதான், நமக்காகப் போட்டதில்ல. ஆனா சரக்கு போற வண்டியில சனமும் ஏறிக்கிச்சு. மதுரை ஜங்ஷனுக்கு நாலாவது கை வந்தது.

அந்தக் கை முழுசா பதினஞ்சு வருஷம்கூட நிக்கல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இரும்பு வேணும்னு 1942-ல் தண்டவாளத்தையே கழட்டிட்டாங்க. எங்கயோ ஐரோப்பாவுல சண்டை, போடியில ரயில் இல்ல! தாத்தாவுக்கு அப்போ பத்து பன்னெண்டு வயசு. தண்டவாளம் இருந்த இடத்துல ஜல்லி மட்டும் கிடந்ததுன்னு சொல்வார். திரும்பப் பாதை போட்டு வண்டி விட்டது 1953-54 வாக்குல. தாத்தா கல்யாணத்துக்குத் துணி எடுக்க மதுரைக்குப் போனது அந்த வண்டியிலதானாம்.

அடுத்த கதை உங்களுக்கே தெரியும். 1992-லிருந்து நாடு முழுக்க ஒரே அகலப்பாதைன்னு முடிவு. ஒரு மீட்டர் அகலப் பாதை 1676 மில்லிமீட்டராச்சு. மதுரையோட மத்த கைகள் ஒவ்வொண்ணா மாறி, 2007-ல் ராமேஸ்வரமும் மாறிடுச்சு. எங்க பாதை மட்டும் மீட்டர் கேஜாவே நின்னுச்சு. மத்த ஊர் வண்டி இங்க வர முடியாது, எங்க வண்டி மதுரையைத் தாண்ட முடியாது. சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, லெகஸி சிஸ்டம். எல்லாரும் புது வெர்ஷனுக்குப் போயாச்சு, ஒருத்தர் மட்டும் பழசுல.

2010 டிசம்பர் 31-ஓட அந்த வண்டியும் நின்னுச்சு. எனக்கு அப்போ பதிமூணு வயசு. அதுக்கு முந்தின லீவுலதான் தாத்தாகூட மதுரைக்குப் போயிருந்தேன். கணவாய்கிட்ட வண்டி மெதுவாப் போறப்போ, இறங்கி நடந்தா முந்திடலாம்னு சொல்லி அவர்கிட்ட அடி வாங்கினது ஞாபகம் இருக்கு.

மதுரையில நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சேன். அந்த நாலு வருஷமும் பஸ்தான். போடி, தேனி, அப்புறம் ஆரப்பாளையம். ஜங்ஷன் பக்கம் போக வேண்டிய வேலையே இல்ல. எங்க தலைமுறைக்கு மதுரையோட வாசல் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுதான். ஒவ்வொரு பட்ஜெட் அன்னைக்கும் போடி லைனுக்கு எவ்வளவு ஒதுக்கினாங்கன்னு பேப்பர்ல தேடுறது மட்டும் வீட்டுல பழக்கமா இருந்தது. ஒரு தடவை கடுப்புல, "இனிமே எங்க தாத்தா வரப் போகுது"ன்னேன். அவர் அசரவே இல்ல. "வரும்ப்பா. சண்டையில புடுங்குனதே பன்னெண்டு வருசத்துல வந்துருச்சு. இப்ப என்ன சண்டையா நடக்குது?"ன்னார்.

அவர் 2019-ல் போயிட்டார். மதுரை-தேனி அகலப்பாதை 2022 மே 26-ல் திறந்தாங்க. தேனிக்கும் போடிக்கும் நடுவுல இருக்கிறது வெறும் 15 கிலோமீட்டர். அதுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகி, 2023 ஜூன் 15-ல்தான் போடிக்கு ரயில் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்க. உலகப் போர்ல கழட்டின பாதை திரும்பி வர சுமார் 12 வருஷம். சுதந்திர இந்தியாவுல, சண்டை இல்லாத காலத்துல கழட்டின பாதை திரும்பி வர பன்னெண்டரை வருஷம். கணவாய்ல பாறையைக் குடைஞ்சு அகலப்படுத்தணும், பாலமெல்லாம் புதுசாக் கட்டணும், நிஜமாவே கஷ்டமான வேலைதான். ஆனா தொண்ணூறு கிலோமீட்டர் பாதைக்கு ஒரு பையன் எட்டாங் கிளாஸ்ல ஆரம்பிச்சு வேலைக்குப் போற வரைக்கும் காத்திருக்கணும்னா, அது பாறையால மட்டும் இல்லன்னு தோணுது. ஜங்ஷன் பெருசா இருக்கு, அது பாட்டுக்கு ஓடும். கிளைப்பாதையோட கடைசியில இருக்கிற ஊரைப் பத்தி யாருக்கு அவசரம்?

இப்போ கம்பம், குமுளிப் பக்கத்துக்காரங்க திண்டுக்கல்லிலிருந்து எங்களுக்கும் ரயில் விடுங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க வீட்டுத் தாத்தாக்கள் பார்க்கிற மாதிரி அது வரட்டும்.

போன வாரம் காலைல வண்டி மதுரையில நின்னப்போ முழிப்பு வந்துடுச்சு. மேல ஏறிப் படுக்க மனசு வரல. போடி வரைக்கும் ஜன்னல் ஓரமாவே உக்காந்து வந்தேன். கணவாய்ல வண்டி நல்ல வேகமாத்தான் போச்சு தாத்தா. இறங்கி நடந்தா முந்த முடியாது.

டிஸ்கி: உங்க ஊர்லயும் இப்படி தண்டவாளம் போய் வந்த கதை, இல்ல போய் வராமலே போன கதை இருந்தா எழுதுங்க மக்கா. பெருசுங்க இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க.