மண்மேட்டுக்கு உள்ளே

நம்ம ஊர்ல ராட்டினமும் தண்ணிச் சறுக்கலும் இருந்தாலே அது 'தீம் பார்க்'தான். ஆனால் அந்தச் சொல்லில் ராட்டினம் இரண்டாம்பட்சம், கதைதான் முதலில்.

1955 ஜூலை 17. கலிஃபோர்னியாவின் அனஹைமில், ஆரஞ்சுத் தோப்பாக இருந்த இடத்தில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. வெளியுலகம் கண்ணில் படக் கூடாதென்று சுற்றிலும் மண்மேடு எழுப்பியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு கடைத்தெரு. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்கச் சிற்றூர். வால்ட் டிஸ்னி சிறுவயதில் வாழ்ந்த மார்சலினின் சாயல். அந்தத் தெருவில் வறுமை இல்லை, நிறவெறி இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, அலபாமாவின் மான்ட்கோமரியில், வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். மேட்டுக்கு வெளியே இருந்த அமெரிக்கா அது.

எதைக் காட்டுவது என்று முடிவெடுப்பதுதான் தீம். எதை மறைப்பது என்பதும் அதில் சேர்த்திதான்.