ஐம்பத்து நான்கு வயதில் மீண்டும் மாணவர்

அரசுப் பணியில் பல ஆண்டுகள் கொள்முதல் கோப்புகளைப் பார்த்தவன் நான். விஞ்ஞானப் பட்டதாரியான எனக்குச் சட்டம் புதிது. சரக்கு வழியில் சேதமானால் நஷ்டம் விற்றவருக்கா, வாங்கியவருக்கா என்ற கேள்வி எழும்போதெல்லாம் சட்ட ஆலோசகர்கள் 'பெஞ்சமின்' என்ற புத்தகத்தைப் புரட்டுவார்கள். அதை எழுதியவரின் சரித்திரம் ஸ்வாரஸ்யமானது, சற்று நெருடலானதும்கூட.

ஜூடா பெஞ்சமின் 1811-ல் கரீபியன் தீவு ஒன்றில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில் வக்கீலானார். அந்த மாநிலச் சட்டம் பிரெஞ்சு, ரோமானிய வழி வந்தது. மற்ற மாநிலங்களில் ஆங்கிலேயச் சட்டம். இரண்டையும் கற்றார். 1834-ல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து, தீர்ப்புகளைப் பொருள்வாரியாகத் தொகுத்து வெளியிட்டார். முதலில் வகைப்படுத்து, பிறகு அடிப்படை விதியைத் தேடு என்பதே அவர் வழி.

1841-ல் 'கிரியோல்' கப்பலில் விற்பனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்து, பஹாமாஸ் சென்று விடுதலை பெற்றனர். உரிமையாளர்கள் இன்ஷூரன்ஸ் பணம் கேட்டனர். கம்பெனிகளுக்காக வாதாடிய பெஞ்சமின், அடிமையும் மனிதனே, விடுதலை வேட்கை அவனுக்கு இயல்பே என்றார். ஆனால் அவரே பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தினார். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களின் அமைச்சரவையிலும் இருந்தார்.

1865-ல் தோல்வி. மாறுவேடத்தில் தப்பி இங்கிலாந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 54. 1866 ஜனவரியில் லிங்கன்ஸ் இன்னில் மாணவராகச் சேர்ந்தார். வழக்கமான மூன்றாண்டுப் பயிற்சியில் விலக்கு கிடைத்து, ஜூனிலேயே பாரிஸ்டரானார். அதற்குள் ஓவரெண்ட் கர்னி என்ற நிதி நிறுவனம் திவாலாகி, கையிருப்பில் பெரும்பகுதி போயிற்று. பத்திரிகைக்கு எழுதிக் காலம் தள்ளினார்.

வழக்குகள் அதிகம் வராத அந்த நாட்களில்தான் விற்பனைச் சட்டம் பற்றிய நூலை எழுதினார், 1868-ல் வெளிவந்தது. பொருளின் உரிமை எப்போது கைமாறுகிறது என்ற கேள்விக்கு ஆங்கிலேய, அமெரிக்க, பிரெஞ்சு, ரோமானியச் சட்டங்களை அருகருகே வைத்து விளக்கினார். நமது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவும், வேறு ஏற்பாடு இல்லையேல், உரிமை மாறும்போதே நஷ்டப் பொறுப்பும் மாறும் என்கிறது.

புத்தகம் புகழைத் தந்தது. 1872-ல் குவீன்ஸ் கவுன்சலுக்கு இணையான அந்தஸ்தைப் பெற்றார். பிற்காலத்தில் பெரும்பாலும் பிரபுக்கள் சபையிலும் பிரிவி கவுன்சிலிலும் மட்டுமே வாதாடினார். 1883-ல் ஓய்வு, மறு ஆண்டு பாரிஸில் காலமானார்.

அவர் பெயர் தாங்கிய நூல் இன்றும் புதிய பதிப்புகளாக வருகிறது. தொழில் திறமைக்கு அவரிடம் கற்க நிறைய உண்டு. ஆனால் அடிமையும் மனிதன் என்பது அவருக்குக் கட்சிக்காரரின் வாதமாக மட்டுமே இருந்தது, சொந்த நம்பிக்கையாகவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளில் சட்டம் படிப்பவர்கள் அவருடைய உழைப்பை எடுத்துக்கொள்ளட்டும். இந்த இடைவெளியையும் மறக்காதிருக்கட்டும்.