பதிப்புத் தொழில் பள்ளிக்கூடம் ஏறிய கதை

1786ஆம் ஆண்டு, ஃபிரீட்ரிஷ் பெர்த்தெஸ் என்ற பதினான்கு வயதுப் பையனை ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு அழைத்துவந்தார்கள். தந்தையை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தவன். புத்தகத் தொழிலில் சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்பது வீட்டாரின் கணக்கு. சந்தித்த புத்தக வணிகர்களில் ஒருவர், லத்தீன் வினைச்சொல் ஒன்றின் எல்லா வடிவங்களையும் ஒப்பிக்கச் சொன்னார். பையனுக்குக் கூச்சத்தில் நாக்கு எழவில்லை. இந்தத் தொழிலுக்கு இவன் சரிப்பட மாட்டான் என்று அவர் அனுப்பிவிட்டார். அடாம் ஃபிரீட்ரிஷ் போமெ என்ற இன்னொரு வணிகர் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் பையன் நோஞ்சானாக இருந்ததால் ஒரு வருஷம் கழித்து வரச் சொன்னார்.

பதிப்புத் துறையில் வேலை தேட அன்றைக்கு இருந்த நுழைவுத் தேர்வு இவ்வளவுதான். இன்று அதே ஆசையோடு வரும் பட்டதாரி ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்திலோ ஆக்ஸ்ஃபர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்திலோ பதிப்பியல் முதுகலைக்கு விண்ணப்பம் போடலாம். ஒப்பந்தம், உரிமை விற்பனை, எடிட்டிங், அச்சுச் செலவுக் கணக்கு, சந்தைப்படுத்தல் என்று தனித்தனித் தாள்களாகப் படிக்கலாம். பையனை உடல்பலம் பார்த்துச் சேர்த்த காலத்திலிருந்து இங்கே வந்துசேர ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது தமிழ்ப் பதிப்புலகத்துக்கு இப்போது மிகவும் தேவை.

இங்கிலாந்தில் கதை இன்னும் முன்னால் தொடங்குகிறது. லண்டனில் புத்தகத் தொழில் செய்தவர்களின் சங்கம் 1403இல் உருவானது. ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்று பெயர் பெற்ற அந்தச் சங்கத்துக்கு 1557இல் அரச பட்டயம் கிடைத்தது. அதன்பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவர் நாட்டில் அச்சகம் வைக்க முடியாது. உறுப்பினராவதற்குப் பெரும்பாலானோருக்கு இருந்த வழி ஒன்றுதான்: ஓர் உறுப்பினரிடம் குறைந்தது ஏழு ஆண்டு தொழில் பயில வேண்டும். பையனின் தகப்பன் முதலாளிக்கு ஒரு தொகை கட்டுவார். முதலாளி அவனுக்குச் சோறும் துணியும் படுக்க இடமும் தந்து தொழில் சொல்லிக்கொடுப்பார். பழைய வழக்கப்படி ஒரே தாளில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே கோணல்மாணலாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்வார்கள். பின்னால் வழக்கு வந்தால் இரண்டு ஓரங்களும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். மதுக்கடைக்குப் போகக் கூடாது, சூதாடக் கூடாது, பயிற்சி முடியும்வரை கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும்.

கணவன் இறந்தபின் அச்சகத்தை எடுத்து நடத்திய விதவைகள் லண்டனில் பலர் உண்டு. ஆனால் தொழில் பயில்வோர் ஏட்டில் ஒரு பெண்ணின் பெயர் ஏறியது 1666இல்தான்.

அப்படிப் பயின்றவர்களில் ஒருவர் சாமுவேல் ரிச்சர்ட்சன். தச்சரின் மகன். 1706இல் பதினேழு வயதில் ஜான் வைல்டு என்ற அச்சகக்காரரிடம் சேர்ந்தார். முதலாளி ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக விடமாட்டார். மற்ற வேலையாட்கள் சண்டை போட்டு வாங்கிக்கொண்ட ஓய்வு நேரம்கூட இந்தப் பையனுக்குக் கிடைக்கவில்லை. தூங்குகிற நேரத்தைத் திருடித்தான் படித்தார். அப்படிப் படிக்கையில் முதலாளிக்கு ஒரு காசு நஷ்டமும் வரக் கூடாது என்று மெழுகுவத்தியைக்கூடத் தன் காசில் வாங்கினாராம். பல ஆண்டுகள் கழித்து ஒரு கடிதத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். பயிற்சி முடித்து 1715இல் சங்க உறுப்பினரானார். 1721இல் அதே முதலாளியின் மகளை மணந்தார். தொழில் பயில வரும் பையன்களுக்காக ஒரு கையேடு எழுதி 1733இல் வெளியிட்டார். ஐம்பது வயதை ஒட்டி அவர் எழுதிய ‘பமேலா’ ஆங்கில நாவலின் வரலாற்றையே மாற்றியது. 1754இல் தான் பயிற்சி பெற்ற அதே சங்கத்துக்குத் தலைவரானார்.

மைக்கேல் ஃபாரடேயையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1805இல் ஜார்ஜ் ரீபோ என்ற புத்தகக் கடைக்காரரிடம் பைண்டிங் பயிலச் சேர்ந்தார். கொல்லர் வீட்டுப் பிள்ளை என்பதால் கட்டணம் கட்ட வழியில்லை. முந்திய ஆண்டு ஏவலாளாக விசுவாசமாக உழைத்ததைக் கருதி ரீபோ அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்தார். தைக்க வந்த புத்தகங்களையெல்லாம் ஃபாரடே படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும் அப்படிப் படித்ததுதான். பிறகு வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்குத் தான் எடுத்த குறிப்புகளைத் தானே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். 1813இல் டேவியின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது.

நல்ல முதலாளி வாய்த்தால் ஃபாரடே, கடுமையான முதலாளி வாய்த்தால் ரிச்சர்ட்சன். இருவரும் ஜெயித்தவர்கள் என்பதால் அவர்களின் கதை நமக்குத் தெரிகிறது. ஏழு ஆண்டும் பாரம் மடித்து, மை துடைத்து, எதுவும் கற்காமலே வெளியேறிய ஆயிரக்கணக்கான பையன்களின் பெயர்கள் சங்க ஏடுகளில் வெறும் வரிகளாக நிற்கின்றன. குருகுலம் போன்ற அந்த ஏற்பாட்டின் பெரிய குறை இதுதான். என்ன கற்றுத்தர வேண்டும் என்பதற்குப் பாடத்திட்டமே கிடையாது. முதலாளியின் குணமே பாடத்திட்டம்.

பெர்த்தெஸுக்கு வருவோம். சொன்னபடி 1787இல் போமெயிடம் சேர்ந்தான். இன்னொரு பையனோடு மாடியின் உச்சி அறையில் படுக்கை. குளிரைத் தாங்கும் அளவுக்கு விறகு கிடையாது. நாளெல்லாம் பனியில் கடை கடையாக ஓடிப் புத்தகங்களை வாங்கி வர வேண்டும். முதல் குளிர்காலத்திலேயே பாதங்கள் உறைந்து புண்ணாகி, கால்களையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலை வந்தது. ஒன்பது வாரம் படுக்கையில் கிடந்தான். முதலாளியின் சின்னப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் வாசித்துக் காட்டியதுதான் ஒரே ஆறுதல்.

ஆனால் லைப்சிக்கில் பயின்றதற்கு ஒரு தனிப் பலன் இருந்தது. ஜெர்மன் மொழி அன்று பல சிற்றரசுகளில் சிதறிக் கிடந்தது. எல்லா ஊர்ப் பதிப்பாளர்களுக்கும் லைப்சிக்கில் ஒரு முகவர் இருந்தார். எந்த ஊர்க் கடைக்காரர் எந்தப் புத்தகம் கேட்டாலும் லைப்சிக் வழியாகவே மூட்டை போகும். விற்காதது திரும்பி வரும். ஈஸ்டர் சந்தையில் எல்லோரும் கூடி வரவு செலவைத் தீர்த்துக்கொள்வார்கள். ஆகவே லைப்சிக்கில் ஓடியாடிய பையனுக்கு ஒரு கடையின் வேலை மட்டுமல்ல, ஒரு மொழியின் புத்தக வணிகம் முழுவதுமே கண்ணுக்குத் தெரிந்தது. பெர்த்தெஸ் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1796இல் ஹாம்பர்க் நகரத்தில், தானே பதிப்பிக்காமல் எல்லாப் பதிப்பாளர்களின் நூல்களையும் விற்கும் கடையைத் திறந்தார். ஜெர்மன் புத்தக விற்பனையில் அது புது மாதிரி. நல்ல புத்தக வணிகம் இல்லாமல் ஜெர்மன் இலக்கியம் என்று ஒன்று நிலைக்கவே முடியாது என்று 1816இல் வாதிட்டு எழுதினார்.

அவர் தலைமுறையினர் 1825இல் லைப்சிக்கில் ஜெர்மன் புத்தக வணிகர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெர்த்தெஸ் 1843இல் காலமானார். அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1853இல், லைப்சிக் புத்தக வணிகர்கள் தங்கள் கடைகளில் பயின்ற பையன்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். பகலில் கடையில் வேலை. வாரத்தில் சில மணி நேரம் வகுப்பு. கணக்கு வைப்பு, அயல்மொழிகள், இலக்கிய வரலாறு, புத்தக வணிகத்தின் நடைமுறைகள் என்று பாடம் நடந்தது. அரசாங்கம் சொல்லியோ பல்கலைக்கழகம் யோசித்தோ வந்ததல்ல இது. தொழில் செய்தவர்களே, தங்கள் தொழிலைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று நம்பி ஏற்படுத்தியது. பதிப்புக் கல்வியின் வரலாற்றில் பெரிய அடி இதுதான். பின்னால் வந்த ஆங்கில, அமெரிக்கப் படிப்புகளைவிட இதற்கே முதலிடம் தர வேண்டும்.

1925இல் சங்கத்துக்கு நூறு வயதானபோது லைப்சிக் வணிகக் கல்லூரியில் புத்தக வணிகத்துக்கென்றே ஒரு பேராசிரியர் இடம் ஏற்பட்டது. சங்கப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த கெர்ஹார்ட் மென்ஸ் அதில் அமர்ந்தார். 1943 டிசம்பரில் விழுந்த குண்டுகள் அச்சகங்களும் பதிப்பகங்களும் நிறைந்த நகரப் பகுதியை அழித்தன. கோடிக்கணக்கான புத்தகங்கள் எரிந்தன. போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் 1946இல் கொலோன் அருகே புத்தக வணிகப் பள்ளி மீண்டும் தொடங்கி, 1962இல் ஃபிராங்ஃபர்ட்டுக்கு இடம் மாறியது. இன்றும் நடக்கிறது.

லைப்சிக்கின் பெருமை ஆங்கிலேயர்களுக்கும் தெரிந்தே இருந்தது. ஸ்டான்லி அன்வின் இருபது வயதை எட்டும் முன்பே அங்கே போய்ச் சம்பளம் வாங்காமல் ஒரு புத்தக நிறுவனத்தில் வேலை கற்றார். 1914இல் அவர் உருவாக்கிய ஜார்ஜ் ஆலன் அண்டு அன்வின் பதிப்பகம்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் ‘இந்தியத் தத்துவம்’ இரண்டு தொகுதிகளையும் 1923இலும் 1927இலும் வெளியிட்டது. 1926இல் அன்வின் பதிப்புத் தொழில் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். விலை எப்படி நிர்ணயிப்பது, ராயல்டி எப்படிக் கணக்கிடுவது, கைப்பிரதிகள் ஏன் திரும்பி வருகின்றன என்று, அதுவரை முதலாளிகளின் மேசைக்குள் பூட்டிக் கிடந்த விஷயங்களையெல்லாம் அச்சில் போட்டார். வகுப்பறை இல்லாத நாட்டில் அந்தப் புத்தகமே வகுப்பறையானது. பதிப்பு மேல் பதிப்பாக வந்தது.

அதே அன்வின் வீட்டில் பழைய முறையும் தொடர்ந்தது. டோல்கீனின் ‘ஹாபிட்’ கைப்பிரதி வந்தபோது அதைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். படித்து மதிப்புரை எழுதினால் ஒரு ஷில்லிங் கூலி. பையன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். 1937இல் நூல் வந்தது. அந்த ரேனர்தான் வளர்ந்து டோல்கீனின் அடுத்த பெரிய நூலான ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வெளிவரக் காரணமானவர். பதிப்பாளர் வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் கிடைத்த பயிற்சி இது. அப்படி ஒரு வீட்டில் பிறக்காதவருக்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கா 1947இல் ஒரு பதில் சொன்னது. நூலகர்களுக்கு 1887இலேயே கொலம்பியாவில் மெல்வில் டியூவி பள்ளி வைத்துவிட்டார். பத்திரிகையாளர்களுக்கு 1908இல் மிசௌரியில் பள்ளி வந்தது. பதிப்புத் துறைக்கு மட்டும் அதற்கப்புறமும் நாற்பது ஆண்டு ஆனது. ஹார்வர்டை ஒட்டியிருந்த ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரி, கோடை விடுமுறையில் ஆறு வாரப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. பதிப்பகங்களில் வேலை பார்ப்பவர்கள் வந்து பாடம் சொன்னார்கள். ஆறு வாரம் என்பது மிகக் குறைவு. ஆனால் யாரையும் தெரியாத ஒரு பெண், துறையில் இருப்பவர்களை நேரில் பார்த்துப் பேசி, வேலை கேட்கும் தைரியம் பெற அது போதுமானதாக இருந்தது. 2001இல் அந்தப் படிப்பு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறியது. பிரிட்டனில் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகம் 1982இல் பதிப்பியல் மையத்தை ஏற்படுத்தி முதுநிலைப் பட்டம் தரத் தொடங்கியது.

பட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய காலத்தில் தகப்பன் முதலாளிக்குக் கட்டிய தொகை இப்போது பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. படித்து முடித்தபின் லண்டன், நியூயார்க் போன்ற செலவுமிக்க நகரங்களில் கூலியில்லாப் பயிற்சியாளராக மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க வசதியுள்ள பிள்ளைகளால்தான் முடிகிறது என்ற குறை அங்கே பலகாலமாக இருக்கிறது. அந்தக் குறை நியாயமானது. இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. என்ன கற்றுத்தரப்படும் என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது. கற்றுத்தராவிட்டால் கேட்கலாம்.

இந்தியாவிலும் முயற்சிகள் உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தொழிற்கல்விக் கல்லூரியில் நூல் பதிப்புக்கு முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. கொல்கத்தாவில் சீகல் பதிப்பகம் 2012இல் தன் பெயரிலேயே பள்ளி தொடங்கியது.

தமிழில் நிலைமை வேறு. உ.வே. சாமிநாதையர் 1887இல் ‘சீவக சிந்தாமணி’யைப் பதிப்பித்தபோது கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். சுவடி ஒப்பிடவும் பொருள் காணவும் அவருக்குத் தமிழ்க் கல்வி இருந்தது. காகிதம் வாங்குவது, அச்சகத்தாரோடு பேசுவது, மெய்ப்பு பார்ப்பது, நூலுக்கு முன்கூட்டியே கையொப்பம் சேர்த்துப் பணம் திரட்டுவது எல்லாம் அவர் அலைந்து அலைந்து தாமாகக் கற்றவை. அதற்கு நூறு ஆண்டு கழித்தும் பெரிய மாற்றம் இல்லை. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கைப்பிரதியை வரி வரியாக எடிட் செய்வதை ஒரு தொழில்முறையாகவே தமிழில் நிறுவினார். 1992இல் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யைக் கொண்டுவந்தார். 2020 நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர்களிடம் மட்டும் அந்த அறிவு மிச்சம் இருக்கிறது. ஒரு மொழிக்கு இது பெரிய இழப்பு, தடுத்திருக்கக்கூடிய இழப்பு.

லைப்சிக் வணிகர்கள் 1853இல் பெரிய கட்டடமோ அரசு மானியமோ கேட்டுக் காத்திருக்கவில்லை. வாரத்தில் சில மணி நேரத்தோடு ஆரம்பித்தார்கள். சென்னையில் 1977 முதல் புத்தகக் காட்சி நடத்திவரும் பதிப்பாளர்களாலும் அது முடியும். கல்லூரித் தமிழ்த் துறைகள் இடம் கொடுக்கட்டும். எழுபது வயதைத் தாண்டிய எடிட்டர்களும் மெய்ப்புப் பார்ப்பவர்களும் பைண்டர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை இந்த ஆண்டே வகுப்பறைக்கு அழைத்துவர வேண்டும்.