'கொன்சியேர்ஜ்': ஒரு சொல்லும் ஒரு பணியும்

முன்னுரை

முற்காலத்தில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்னும் சொல் இன்று தீய மணத்தையே குறிக்கிறது. கள்ளுண்ட மகிழ்ச்சியைக் குறித்த 'களிப்பு' என்னும் சொல் இன்று பொதுவாக மகிழ்ச்சியைக் குறிக்கிறது. முன்னதை இழிபொருட்பேறு என்றும் பின்னதை உயர்பொருட்பேறு என்றும் மொழிநூலார் வழங்குவர். இவ்விரு மாற்றங்களையும் மாறிமாறிப் பெற்ற சொற்களுள் ஒன்று, பிரெஞ்சு மொழியில் வழங்கும் 'கொன்சியேர்ஜ்' என்பதாகும். வாயிலையும் திறவுகோலையும் காப்பவரைக் குறிக்கும் இச்சொல்லின் மதிப்பு எவ்வாறு ஏறியும் இறங்கியும் வந்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பிறப்பு

இச்சொல் 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பழைய பிரெஞ்சு மொழியில் காணப்படுகிறது. இதன் பிறப்புக்கு இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. 'மெழுகுதிரிகளின் கோமான்' எனப் பொருள்படும் 'கோந்த் தே சியேர்ஜ்' என்னும் தொடரே மருவி இவ்வாறாயிற்று என்பது மக்களிடையே பரவிய விளக்கம். 'கான்ஸ்டபிள்' என்னும் சொல் 'குதிரை இலாயத்தின் கோமான்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து பிறந்தது உண்மையாதலின், இவ்விளக்கமும் முதற்பார்வையில் ஏற்கத்தக்கதாகவே தோன்றும். ஆயினும், ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றி எழுந்த போலிச் சொற்பிறப்பு என இதனை அறிஞர் தள்ளுவர்.

'உடன் அடிமை' எனப் பொருள்படும் 'கொன்செர்வுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் பேச்சுவழக்குத் திரிபே இதன் மூலம் என்பது மற்றொரு விளக்கம். அத்திரிபு வடிவம் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டதே ஆகலின், அகராதிகள் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் பொருந்தும் கருதுகோளாகவே தருகின்றன. அடிமையைக் குறித்த சொல்லுக்குக் கோமானின் குலமரபு கற்பிக்கப்பட்டமை, இடைக்காலத்தில் அப்பதவி பெற்றிருந்த மதிப்பையே காட்டுகிறது எனலாம்.

அரண்மனைக் காப்பாளர்

பாரிசில் சேன் ஆற்றின் நடுவேயுள்ள சிதே தீவில் பிரெஞ்சு அரசரின் பழைய அரண்மனை இருந்தது. கொன்சியேர்ஜ் என்பவர் அதன் உயர் அலுவலர். 1358இல் எத்தியேன் மார்சேலின் ஆதரவாளர்கள் அவ்வரண்மனையுள் புகுந்து, இளவரசர் சார்லசின் கண்முன்னரே அவருடைய படைத்தலைவர் இருவரைக் கொன்றனர். 1364இல் ஐந்தாம் சார்லசாக அரியணை ஏறிய அவர், தம் இருப்பிடத்தை வேறு மாளிகைக்கு மாற்றிக்கொண்டார். நீதிமன்றமும் அலுவலகங்களும் பழைய இடத்திலேயே நின்றன. அரசர் நீங்கிய அம்மாளிகையின் பொறுப்பு கொன்சியேர்ஜிடம் இருந்தது. அதன் எல்லைக்குள் நிகழும் குற்றங்களை விசாரிக்கும் உரிமையும் அவருக்கு இருந்தது.

அவர் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிறைச்சாலை அமைந்தது. அவர் பதவியின் பெயராலேயே அது 'கொன்சியேர்ஜெரி' எனப்பட்டது. அரசி மரி அந்துவானேத் 1793 ஆகஸ்டில் அங்கு அடைக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 16இல் கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அரசரின் இல்லத்தைக் காத்த பதவியின் பெயர், அரசியைப் பூட்டி வைத்த சிறையின் பெயராகவும் நின்றது.

குடியிருப்பின் வாயிலறை

19ஆம் நூற்றாண்டில் பாரிசில் பல அடுக்குக் குடியிருப்புகள் பெருகின. அவற்றின் வாயில் காப்போரை முன்னர்ச் சுட்டிய 'போர்த்தியே' என்னும் சொல்லின் இடத்தை, அரண்மனைப் பெயரான கொன்சியேர்ஜ் பெற்றது. பெயர் பெரிதாயினும் பணி எளியதே. வாயிலையொட்டிய சிற்றறையில் வாழ்ந்து, படிக்கட்டைத் துடைத்து, அஞ்சலைப் பகிர்ந்து, வாடகையைத் தண்டி, நள்ளிரவில் வருவோர் குரல் கேட்டுப் படுக்கையிலிருந்தவாறே கயிற்றை இழுத்துக் கதவைத் திறப்பது அவர் கடமையாயிற்று. பெரும்பாலும் பெண்களே இப்பணியைச் செய்தனர். 1842–43இல் வெளிவந்த ஏழேன் சூவின் 'பாரிசின் மறைபொருள்கள்' என்னும் புதினத்தில் வரும் பிப்லே என்னும் வாயில்காப்பாளரின் பெயர், பின்னர் வம்பளப்போரைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று.

எல்லார் வரவும் போக்கும் அறிந்தவர் என்பதால், இவர்மீது நம்பிக்கையும் அச்சமும் ஒருங்கே நிலவின. 1942 ஜூலை 16, 17 ஆகிய நாள்களில் பாரிசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏறத்தாழ 13,000 யூதர்கள் கைதுசெய்யப்பட்டபோது, அவர்தம் வீட்டுச் சாவிகளைக் கொன்சியேர்ஜிடம் ஒப்படைக்குமாறு காவலர்க்கு ஆணையிடப்பட்டிருந்தது. அக்காலத்தில் முன்னெச்சரிக்கை செய்து உயிர்காத்த கொன்சியேர்ஜுகளும் இருந்தனர், காட்டிக்கொடுத்தோரும் இருந்தனர்.

போருக்குப் பின் ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வந்த பெண்கள் பலர் இப்பணியை ஏற்றனர். எண்பூட்டுகள் பரவியதும் வாயிலறைகள் குறைந்தன. பழைய பெயர் தாழ்வாகக் கருதப்படவே, 'காப்பாளர்' எனப் பொருள்படும் 'கார்தியன்' என்னும் சொல் அதன் இடத்தைப் பிடித்தது. 1979இல் ஏற்பட்ட தேசியத் தொழில் ஒப்பந்தத்தின் தலைப்பில் அச்சொல்லே முதலிலும், கொன்சியேர்ஜ் அதன் பின்னரும் நிற்கின்றன.

பொற்சாவி

குடியிருப்பில் தாழ்ந்த அதே சொல் உயர்தர விடுதிகளில் ஏற்றம் பெற்றது. 1929இல் பாரிசில் விடுதிக் கொன்சியேர்ஜுகளின் சங்கம் தோன்றியது. 1952இல் கான் நகரில் பல ஐரோப்பிய நாட்டுச் சங்கங்கள் ஒன்றிணைந்தன. குறுக்காக அமைந்த இரு பொற்சாவிகளே இவர்தம் சின்னம். விருந்தினரின் சாவியையும் கடிதங்களையும் காத்தல், பயணச்சீட்டும் நாடக அரங்கில் இடமும் பெற்றுத் தருதல், அறிந்தவற்றை வெளியிடாதிருத்தல் ஆகியன இவர்தம் பணிகள்.

முடிவுரை

வாயிலறைப் பெண்ணும் விடுதி அலுவலரும் செய்த பணிகளின் அடிப்படை ஒன்றே. இருவரும் பிறர் திறவுகோலையும் கடிதத்தையும் மறைச்செய்தியையும் காத்தனர். ஒருவரிடம் வாடகைக் குடியினர் பெற்ற பணி. மற்றவரிடம் செல்வர் பெற்ற பணி. வேறுபாடு அவ்வளவே. 'குதிரை ஏவலன்' என்னும் பொருளில் பிறந்த 'மார்ஷல்' படைத்துறையின் உச்சிக்கு ஏறியது. கோமானாகப் பிறந்த 'கான்ஸ்டபிள்' காவல்துறையின் கீழ்ப்படிக்கு இறங்கியது. கொன்சியேர்ஜ் இவ்விரு வழிகளிலும் சென்றுள்ளது. எனவே, பணிப்பெயர்களின் பொருள் மாற்றத்தை ஆராய்வோர் பணியின் தன்மையை மட்டும் நோக்குதல் போதாது. அப்பணி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும் என்பது இதனால் புலனாகும்.