கையாலையும் நீர்வழியும்: அம்பூரி உணர்த்தும் வரலாறு

திருவனந்தபுரம் மாவட்டம் மேற்கே கடற்கரையும், இடையே செம்பாறை மேடுகளும், கிழக்கே மேற்குத்தொடர்ச்சி மலையும் கொண்டது. சமநிலம் குறைந்த இப்பகுதியில் சரிவைப் படிகளாக வெட்டி, விளிம்பில் கல்லடுக்கி மண்ணைத் தாங்கச் செய்தல் உழுகுடிகளின் வழக்கம். இத்தாங்குசுவர் மலையாளத்தில் ‘கய்யால’ எனப்படும். முன்பு திருவிதாங்கூரின் பகுதியாயிருந்து 1956இல் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்திலும் ‘கையாலை’ என்னும் சொல் வழங்குவது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

சாந்தின்றி அடுக்கிய கற்களின் இடுக்குகள் வழியே மழைநீர் கசிந்து வெளியேறும். ஆதலால் சுவரின் பின்னே நீரழுத்தம் மிகுவதில்லை. எனினும் நீரின் இயல்பான வழியை அடைக்காத வரையிலேயே கையாலை மண்ணைக் காக்கும். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றோடைகளை மறித்துப் படிகள் அமைத்தால், நீர் மண்ணுள் தேங்குகிறது. பாறைமேல் படிந்த மண் பிடிப்பை இழக்கிறது.

2001 நவம்பர் 9ஆம் நாள், நெய்யாறு நீர்த்தேக்கத்தை அடுத்த அம்பூரியில் பெருமழையால் மலைச்சரிவு பெயர்ந்து விழுந்ததில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். கேரள நிலச்சரிவுகளை ஆராய்ந்த புவியியலார், பயிர்ச்செய்கைக்காகச் சிற்றோடைகள் அடைக்கப்பட்டமையைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டுகின்றனர்.

இதனால் கையாலை அமைத்தலே பிழை என்று கொள்ளுதல் பொருந்தாது. இன்றைய கற்காரைத் தாங்குசுவர்களில் நீர்த்துளை விடுவதும், பின்புறம் சரளை நிரப்புவதும் பழைய கல்லடுக்கு இயல்பாகவே செய்த பணியை மீட்பனவாம். மண்ணைத் தடுத்தலும் நீரை விடுதலும் ஒருங்கே அமைதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.