வேல்ஸ் சிலேட்டில் காந்தத் திசைவேறுபாடும் திரிபின் அளவும்: ஒரு மறுவாசிப்பு

வடக்கு வேல்ஸின் கேம்பிரியன் சிலேட்டை வைத்து 1970-களில் ஒரு சமன்பாடு முன்வைக்கப்பட்டது. பாறையின் திரிபு விகிதத்தை ஏறத்தாழ 0.15 என்ற அடுக்குக்கு உயர்த்தினால், காந்த ஏற்புத்திறனின் பெரும, சிறும அச்சுகளுக்கு இடையிலான விகிதம் கிடைக்கும் என்பதே அது. இது உண்மையானால், திரிபைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லாத பாறையிலும் விரற்கடை நீள உருளை ஒன்றைத் துளைத்தெடுத்து அளந்தே, அது எவ்வளவு நசுங்கியது என்று சொல்லிவிடலாம். காந்த அச்சுகள் திரிபின் திசைகளைச் சரியாகவே காட்டுகின்றன. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அளவையும் அவை காட்டுகின்றன என்பதற்கு இந்தச் சிலேட்டே சான்றாகாது என்பதுதான் என் வாதம்.

அந்தச் சமன்பாட்டின் ஒரு பக்கம் முழுவதும் பச்சைப் புள்ளிகளை நம்பி நிற்கிறது. பெத்தெஸ்டாவை ஒட்டிய பென்ரின் குவாரியின் ஊதாச் சிலேட்டைப் பிளந்தால், பிளவுத்தளத்தில் வெளிர்பச்சை நீள்வட்டங்கள் தெரியும். குறுக்கே அறுத்த முகத்தில் அதே புள்ளி ஒல்லியான வில்லையாகத் தெரியும். புவியியலாளர் சோர்பி 1853-லேயே இவற்றைத் திரிபுக்குச் சான்றாகக் கொண்டார். புள்ளி தொடக்கத்தில் கோளமாக இருந்தது என்பது இங்கே அடிப்படை அனுமானம். ஆனால் சேறு தன் எடையால் இறுகுவதற்கு முன் புள்ளி உருவாயிற்றா, பின்னரா? முன்னர் என்றால், புள்ளியின் வடிவத்தில் இறுக்கமும் மலையாக்க நெருக்கமும் சேர்ந்தே பதிந்திருக்கும். பின்னர் என்றால் இரண்டாவது மட்டுமே. காந்த அமைப்போ, படிவுகாலத்திலிருந்து நடந்த அனைத்தையும் ஓரளவு சுமந்து நிற்கிறது. புள்ளியின் காலம் தெளிவாகாதவரை, ஒரே வரலாற்றின் இரு பதிவுகளை ஒப்பிடுகிறோம் என்ற உறுதி இல்லை. இருந்தாலும், இந்த ஐயம் மட்டுமே சமன்பாட்டை வீழ்த்திவிடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதைவிட வலுவான தடை கனிமங்களில் இருக்கிறது. குளோரைட், மைக்கா போன்ற தகட்டுக் கனிமங்களின் தனிப் படிகத்திலேயே ஏற்புத்திறன் விகிதம் 1.2 முதல் 1.4 வரைதான். பாறையிலுள்ள தகடுகள் அனைத்தும் பிசகின்றி ஒரே தளத்தில் படுத்துவிட்டாலும் அவற்றின் கூட்டு விகிதம் அந்த வரம்பைத் தாண்டாது. சமன்பாட்டின்படி 6:1 திரிபுக்குக் கிடைப்பது 1.31, அதுவே வரம்பின் மேற்பகுதி. 12:1 திரிபுக்கு 1.45 வேண்டும். தகட்டுக் கனிமங்களால் அதைத் தர இயலாது. ஆக, உயர் திரிபில் சமன்பாடு உடைய வேண்டும். இல்லையேல் இரும்பு ஆக்சைடான ஹேமடைட் கைகொடுக்க வேண்டும். ஹேமடைட் படிகத்தின் அடித்தளத்தில் ஏற்புத்திறன் அதற்குச் செங்குத்தான திசையைவிடப் பல பத்து மடங்கு அதிகம். அதன் செறிவு சற்றே கூடினாலும் பாறையின் விகிதம் எழும்பிவிடும். அப்போது நாம் அளப்பது நெருக்கத்தையா, இரும்பின் செறிவையா? பச்சைப் புள்ளி என்பதே ஹேமடைட் நீங்கிய இடம். ஒரே கையளவுக் கல்லில், ஒரே திரிபுக்கு உட்பட்ட பச்சையும் ஊதாவும் வெவ்வேறு காந்த விகிதம் காட்டினால், விகிதத்துக்கு ஒரே ஒரு திரிபு மதிப்பை ஒதுக்கும் சமன்பாட்டுக்கு என்ன பொருள்?

திரிபையும் காந்த விகிதத்தையும் ஒப்பிடும் வரைபடத்தில் அளவீடுகள் ஒரு கோட்டில் ஒழுங்காக அமைந்திருக்கின்றனவே என்று கேட்கலாம். ஒரே வகைச் சேற்றிலிருந்து, ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் மீள்படிகமான மாதிரிகளில் பிளவுத்தளம் வலுக்க வலுக்க இரு அளவுகளும் சேர்ந்து உயர்வது எதிர்பார்க்கக்கூடியதே. அந்த ஒட்டுறவு பாறையின் சீர்மையைக் காட்டுகிறது, பொதுவிதியை அல்ல. பிரான்சின் மாரிடைம் ஆல்ப்ஸில் பெர்மியன் சிவப்புப் படிவுகளைக் கொண்டு செய்த ஆய்வு வேறு வடிவிலான உறவைத் தந்தது இதனால்தான் எனக் கருதுகிறேன். தகடுகள் திரிபோடு செயலற்றுத் திரும்பியவை என்ற விளக்கமும் இங்கே பொருந்தாது. பிளவுத்தளத்தின் மைக்காவில் பெரும்பகுதி திரும்பியதல்ல, அங்கேயே புதிதாக வளர்ந்தது. நுண்மணி மேக்னடைட்டால் அச்சுகள் இடம் மாறித் தோன்றும் என்ற எச்சரிக்கை வேறு பாறைகளுக்கு முக்கியம்; ஹேமடைட் மிகுந்த இந்தச் சிலேட்டில் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

செய்ய வேண்டிய சோதனை எளிது. பெரிய புள்ளி ஒன்றின் உள்ளிருந்தும் அதை ஒட்டிய ஊதாப் பகுதியிலிருந்தும் இணை மாதிரிகள் எடுத்து, உயர் காந்தப்புலத்தில் தகட்டுக் கனிமங்களின் பங்கையும் ஹேமடைட்டின் பங்கையும் தனித்தனியே பிரித்து அளக்க வேண்டும். தகட்டுக் கனிமங்களின் பங்கு இரண்டிலும் ஒத்து, மொத்த விகிதம் மட்டும் வேறுபடும் என்பதே என் எதிர்பார்ப்பு. அதுவரை, இச்சமன்பாட்டைக் கொண்டு பிற மலைத்தொடர்களுக்குக் கணக்கிட்ட நசுங்கல் விழுக்காடுகளை ஒதுக்கிவைத்து, அச்சுகளின் திசைகளை மட்டும் பயன்படுத்துவதே முறை.