தைரிஸ்டரைத் தூண்டும் முறைகள்

தைரிஸ்டர் நான்கு அடுக்குச் சிலிக்கன் சுவிட்ச். 1956-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் மோலும் உடன் பணியாற்றியவர்களும் நான்கு அடுக்கு சுவிட்சின் செயலை விளக்கினார்கள். 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் அதை கேட் முனையோடு செய்துகாட்டியது. கேட்டில் சிறு மின்னோட்டம் கொடுத்தால் போதும், சுவிட்ச் கடத்தத் தொடங்கும். பிரதான மின்னோட்டம் ஓரளவு ஏறியபின் கேட்டை விட்டுவிட்டாலும் ஓட்டம் நிற்காது. ஆனால் கேட் ஒன்றுதான் வழி என்றில்லை. மின்னழுத்தம் எல்லை மீறினாலும், திடீரென ஏறினாலும், சூடு கூடினாலும், வெளிச்சம் பட்டாலும் தைரிஸ்டர் தானாகவே இயங்கிவிடும். ஆகவே அதை இயக்குவது ஒருபோதும் சிரமமாக இருந்ததில்லை. சொன்ன நொடியில் மட்டும் இயங்க வைப்பதுதான் சிரமம். தூண்டுதலின் வரலாற்றைத் தேவையற்ற வழிகளை அடைத்துவந்த வரலாறாகவே படிக்க வேண்டும். மின்னழுத்தம் வேகமாக ஏறும்போது உள் சந்திப்பின் மின்தேக்குத்திறன் வழியாகப் பாயும் மின்னோட்டம், கேட் கொடுத்ததைப் போலவே வேலை செய்துவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர், தைரிஸ்டருக்குக் குறுக்கே இணைக்கப்படுகிறது.

மின்னழுத்தம் மீறுவதையே பயன்படுத்தும் சுற்றுகள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, வீடுகளிலும் மின்விசிறி ரெகுலேட்டராக அவை இருக்கும். திருகைத் திருப்பினால் கெபாசிட்டர் நிரம்பும் நேரம் மாறுகிறது; அதன் அழுத்தம் சுமார் 32 வோல்ட்டைத் தொட்டதும் டயாக் எனும் இருமுனை சுவிட்ச் உடைந்து கடத்துகிறது. ஆனால் அந்தத் துடிப்பு போய்ச் சேர்வது தைரிஸ்டரின் இருதிசை வடிவமான டிரையக்கின் கேட்டுக்குத்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அரைச்சுற்று 10 மில்லிநொடி. அதற்குள் எந்தக் கணத்தில் துடிப்பு வருகிறது என்பதே வேகத்தை முடிவுசெய்கிறது. ஒளியும் அப்படியே கட்டளைக்கு அடங்கியது. வட அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் இணைக்கும் 2001-ஆம் ஆண்டின் மொயில் மின்தொடரில் கண்ணாடி இழை வழியாக வரும் ஒளியே சிலிக்கனை நேரடியாகத் தூண்டுகிறது. உயர் அழுத்தத்தில் இருக்கும் தைரிஸ்டருக்கும் தரையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே மின் தொடர்பே தேவைப்படுவதில்லை.

தைரிஸ்டரின் காலம் முடிந்தது என்போரும் உள்ளனர். ராயபுரம் லோகோ ஷெட்டின் டபிள்யூஏபி-7 வகை இன்ஜின்கள் அவர்களுக்குச் சாட்சி: இவ்வகையில் முதலில் வந்தவற்றில் கேட்டாலேயே அணைக்கவும் முடிகிற ஜிடிஓ தைரிஸ்டர்கள், பிறகு வந்தவற்றில் ஐஜிபிடி எனும் டிரான்சிஸ்டர்கள். ரயிலுக்கு இது சரி. பெருந்திறன் மின்கடத்தலுக்குச் சரியல்ல. புகளூர் மின்மாற்று நிலையத்தில் இரண்டுமே இருக்கின்றன: திருச்சூருக்கு 2,000 மெகாவாட் அனுப்பும் 320 கிலோவோல்ட் தொடர் ஐஜிபிடியில் ஓடுகிறது, ராய்கரிலிருந்து 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் தொடர் தைரிஸ்டரில்தான் ஓடுகிறது.